நெல் உலர்த்தி: 54-ல் நிற்கிறது, இல்லாவிட்டால் ஆடுகிறது

மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில். குறுவை நெல் ஈரத்தோடு வந்து குவிகிறது. உலர்த்திக் காற்று 60 டிகிரியில் நிற்க வேண்டும். உமி அடுப்பின் புளோயர் வேகத்தை கன்ட்ரோலர் கூட்டிக் குறைக்கிறது.

புரபோர்ஷனல் (குறை எவ்வளவோ அதற்கேற்ப வேகத்தைக் கூட்டும் முறை) மட்டும் வைத்தால் 54-லேயே நின்றுவிடுகிறது. வெளிக்காற்று 30 டிகிரி, ஆக ஏற்ற வேண்டிய 30-க்கு 6 குறை; 1/(1+K) பங்கு குறை மிஞ்சும் என்ற கணக்குப்படி K (மொத்தப் பெருக்கம், gain) = 4. சரி, 9 ஆக்கினால் குறை 3 தானே என்று ஏற்றினால், வெப்பநிலை மேலும் கீழும் ஆடுகிறது. உமி பற்றிச் சூடேறும் தாமதம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

இன்டெக்ரல் (குறையை நேரப்போக்கில் கூட்டிச் சேர்த்துக்கொண்டே போகும் பகுதி) சேர்த்தால் குறை போகிறது. ஆனால் காலையில் தொடங்கும்போது புளோயர் முழு வேகத்தில் இருக்க, இன்டெக்ரல் ஏறிக்கொண்டே போக, வெப்பநிலை 70-ஐத் தாண்டுகிறது. அப்புறம் அரிசி நொய்யானால் முதலாளி என்னைத்தான் பார்ப்பார்!

இவ்வளவு தாமதத்துக்கு, K போன்ற எண்களைத் தேர்ந்தெடுக்கும் சீக்ளர்-நிக்கல்ஸ் முறை சரிவருமா? இன்டெக்ரல் இப்படி ஏறிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-வைண்டப் எப்படி வைக்கிறீர்கள்?