எளியவர் பட்டதை நடித்துக் காட்டுவதா, பதிவு செய்து காட்டுவதா?

தென்பெண்ணையான் (கிருஷ்ணகிரி):

தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்காக மாதந்தோறும் நடக்கும் திரையிடலுக்கு, எளிய மக்கள் சந்தித்த பேரிடர்களையும் வன்முறையையும் பற்றிய படங்களைப் பரிந்துரைக்குமாறு இங்கே கேட்டிருந்தார்கள். இதுவரை வந்த பரிந்துரைகள் அத்தனையும் நடிகர்கள் நடித்த கதைப்படங்கள். இதை நான் எதிர்க்கிறேன். உற்றார் உயிரையும் தம் மானத்தையும் பறிகொடுத்தவர்கள் நம்மிடையே இன்னும் வாழும்போது, அவர்கள் பட்டதை ஆவணப்படமாகத்தான் காட்ட வேண்டும். கதைப்படமாக்கிய மறுகணமே அது வேறொருவருடைய கதையாகிவிடுகிறது.

2021இல் வந்த ‘ஜெய் பீம்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த காவல் நிலையக் கொலை வழக்கை அடிப்படையாகக் கொண்டது அது. கணவனைத் தேடி நடையாய் நடந்தவர் மனைவி. ஆனால் படம் முடிந்து வெளியே வருகிறவர் வழக்கறிஞரைத்தான் நெஞ்சில் சுமந்து வருகிறார். 2023இல் வந்த ‘விடுதலை’ முதல் பாகத்தில், மலைக்கிராமத்துப் பெண்களை முகாமில் அடைத்து வதைக்கும் காட்சிகளைப் பார்த்த நம் மாவட்டத்துக்காரர் எவருக்கும் 1992இல் அரூர் அருகே வாச்சாத்தி கிராமத்தில் நடந்த கொடுமை நினைவுக்கு வராமல் போகாது. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குப் படத்தில் பெயர் இருக்கிறது? அங்கே நாம் பின்தொடர்வது, புதிதாக வேலையில் சேர்ந்த ஓட்டுநர் காவலர் ஒருவருடைய மனக்கலக்கத்தை. அவர் மனம் மாறுவதற்காக அந்தப் பெண்கள் அடிபடுகிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

சித்தேரி அடிவாரம் (அரூர்):

வாச்சாத்தியின் பெயரை நீங்களே எடுத்துவிட்டதால் அங்கிருந்தே பதில் சொல்கிறேன். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் ஊருக்குள் புகுந்தார்கள். மக்களை மரத்தடியில் கூட்டி அடித்தார்கள். பதினெட்டுப் பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கி, குடிக்கிற கிணற்றில் எண்ணெயை ஊற்றிக் கெடுத்தார்கள். அன்றைக்கு அங்கே எந்தப் படக்கருவி இருந்தது? எதைப் பதிவு செய்து காட்டச் சொல்கிறீர்கள், ஐயா? அதிகாரம் வன்முறையில் இறங்கும் இடத்தில் கண்ணாடி வில்லை இல்லாதபடி முதலில் அதிகாரமே பார்த்துக்கொள்கிறது. ஆவணப்படம் மட்டும்தான் நேர்மையானது என்றால், சாட்சியில்லாமல் செய்யப்பட்ட கொடுமைகளுக்குத் திரையிலே இடமே இல்லை என்றாகிவிடும்.

நடந்ததைப் பாதிக்கப்பட்டவர்களையே சொல்லவைத்துப் பதிவு செய்யலாமே என்பீர்கள். மத்தியப் புலனாய்வுத் துறையினரிடமும் அடையாள அணிவகுப்பிலும் நீதிமன்றக் கூண்டிலும் அவர்கள் அதைச் சொல்லித்தான் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட, மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே செப்டம்பர் 29இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இருபது வயதில் பட்டதை ஐம்பது வயதுவரை சொல்லிக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள். நாம் ஒரு மாலைப்பொழுது திரையிடுவதற்காக அவர்களை மீண்டும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, ‘அன்றைக்கு என்னம்மா நடந்தது?’ என்று கேட்பதைவிட, ஒரு நடிகை அந்தச் சுமையை ஏற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு தடுத்தது. இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதையிலும் அந்தத் தடை இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே எழுதிக் கொடுத்து ஒப்புக்கொண்டால் ஒழிய, உங்கள் ஆவணப்படத்தில் அவர் முதுகைத்தான் காட்ட முடியும், அல்லது முகத்தைக் கலங்கலாக்க வேண்டும். கதைப்படம் அவருக்கு ஒரு முகம் தருகிறது. ‘ஜெய் பீம்’ படத்தில் காவல்துறை வண்டியில் ஏற மறுத்து அந்த மனைவி செங்கேணி நடக்கிறாள். வண்டி அவளுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறது. கெஞ்சுகிறவர் யார், மறுக்கிறவர் யார் என்பதை வசனமே இல்லாமல் தெருவே பார்க்கிறது. வழக்கறிஞரைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் எழுதியபோது, அந்த நடையை எங்கே விட்டுவிட்டீர்கள்?

பாலக்கோட்டாள்:

இருவரும் கதைப்படம், ஆவணப்படம் என்று இரண்டு கட்சி கட்டிவிட்டீர்கள். ஆவணப்படத்தில் கதாநாயகர் இருக்கமாட்டார் என்று தென்பெண்ணையான் ஐயாவுக்கு யார் சொன்னது? வீரப்பனைப் பற்றி 2023இல் இரண்டு ஆவணத் தொடர்கள் வந்தன. ஒன்று நெட்ஃப்ளிக்ஸில் நான்கு பகுதிகளாக, மற்றொன்று ஜீ5இல். பாப்பாரப்பட்டியில் 2004 அக்டோபர் 18 இரவு அவர் சுடப்பட்டது நமக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது, ஆகையால் இரண்டையும் எங்கள் வீட்டில் கண்கொட்டாமல் பார்த்தார்கள். இரண்டாவது தொடரின் முதுகெலும்பே 1990களில் நக்கீரன் இதழார் காட்டுக்குள் சென்று எடுத்த படப்பதிவுதான். அதில் அவரே தம் கதையைத் தம் வாயால், கையை ஆட்டி, மீசையை நீவிச் சொல்கிறார்.

சித்தேரி அடிவாரம் அவர்கள் படக்கருவி இல்லை என்கிறார். அதே பத்தாண்டில், இதே மலைத்தொடரில் படக்கருவி இருந்தது. அது வீரப்பனைத் தேடிப் போனது. அவரைத் தேடுவதாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட மலைக்கிராமத்து ஆண்களையும் பெண்களையும் தேடிப் போகவில்லை. அவரைத் தேடிய அதிரடிப்படையின் மாதேஸ்வரன் மலை முகாமில் மின்சாரம் பாய்ச்சப்பட்டதாகச் சொன்னவர்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்து, கடைசியில் 89 பேருக்கு இழப்பீடு வழங்கப் பரிந்துரைக்கப்பட்டது. அவர்களைப் பற்றித் தொடர்களில் வருகிறது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஓட்டுநர் காவலர் கதையைத் தட்டிக்கொண்டு போனார் என்றால், இங்கே வேட்டையாடப்பட்டவரும் வேட்டையாடியவர்களும் சேர்ந்து தட்டிக்கொண்டு போகிறார்கள்.

தென்பெண்ணையான் (கிருஷ்ணகிரி):

அம்மா சொல்வது மோசமான தேர்வுக்கு எதிரான வாதம். ஆவணப்படத்துக்கு எதிரான வாதமாக அதை நான் ஏற்கவில்லை. படக்கருவி பாதிக்கப்பட்டவர் கையிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019இல் வந்த ‘ஃபார் சமா’ ஒரு சான்று. சிரியாவின் அலெப்போ நகரம் முற்றுகையில் கிடந்தபோது, வாத் அல்-கதீப் என்ற இளம்பெண், மருத்துவரான தம் கணவர் நடத்திய மருத்துவமனைக்குள்ளிருந்தே எடுத்த படம் அது. தம் கைக்குழந்தைக்குச் சொல்வதாக அமைத்திருக்கிறார். குண்டு விழும் ஓசைக்கு நடுவே குழந்தைக்குத் துணி மாற்றுகிறார்கள், பிறருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். எந்த இயக்குநரும் இதை நடிக்கவைத்து எடுத்திருந்தால், அந்தச் சிரிப்பை நம்பாமல் நாமே வெட்டச் சொல்லியிருப்போம்.

தளிப் பக்கத்து உழவன்:

நான் சினிமா அறிந்தவன் அல்லன்; ஆனாலும் ஆவணப்படம் என்றால் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவதால் ஒரு வார்த்தை. ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ படத்தில் வரும் ரகு என்ற யானைக்குட்டி எங்கள் ஓசூர்க் காட்டுப் பக்கம் மீட்கப்பட்டதுதான். அதன் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது. முதுமலையில் அதை வளர்த்த தம்பதியின் பாசத்தைப் படம் அழகாகக் காட்டுகிறது, மறுப்பதற்கில்லை. தாய் எப்படிச் செத்தது, அந்தக் கம்பியைக் கட்டியவன் யார், ஏன் கட்டினான் என்ற பக்கத்தில் படம் நிற்பதேயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பன்னேருகட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் இறங்கும்போது ராகி கதிர் முற்றி நிற்கும். பரணில் தீ மூட்டி, வெடியும் டார்ச்சுமாக விடியவிடிய உட்கார்ந்திருந்தும், ஒரே இரவில் ஒரு ஏக்கர் மிதிபட்டுப் போனதைக் காலையில் போய்ப் பார்க்கிறவனுக்கும் அது பேரிடர்தான். அந்தப் படம் விருது வாங்கிய அதே 2023 மார்ச்சில், சில நாள்கள் முன்னதாக, மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அநாதையாகின. வேலி போட்டது குற்றம், சந்தேகமேயில்லை. அந்தக் குற்றம் வரையிலும் ஒரு சிறு விவசாயி எப்படி வந்து சேர்கிறான் என்பதை எடுக்க எவரும் வரவில்லை.

பின்னர் 2023 ஆகஸ்டில், சொன்னபடி தங்களுக்கு எதுவும் தரவில்லை என்று அந்தத் தம்பதியே வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். படக்குழு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். நடிகருக்குச் சம்பளம் இவ்வளவு என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். தன் சொந்த வாழ்க்கையைத் தருகிறவருக்கு என்ன கணக்கு என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும்.

இலக்கியம்பட்டிக்காரன்:

எங்கள் ஊர் வழியாகத் தினமும் போகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2000 பிப்ரவரி 2 அன்று, ஒரு தலைவருக்கு எதிரான தீர்ப்பைக் கண்டித்து மறியல் செய்தவர்கள், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் சுற்றுலா வந்த பேருந்துக்கு இங்கே தீ வைத்தார்கள். மூன்று பேர் உள்ளேயே கருகினார்கள். 2007இல் வந்த ‘கல்லூரி’ படம் இந்த நிகழ்ச்சியைத்தான் முடிவாக வைத்திருக்கிறது. அதற்கு முன் இரண்டு மணி நேரம் கூட்டாளிகளின் கேலி, சாப்பாடு, கட்டணம் கட்டப் பணமில்லாத கவலை, இவ்வளவுதான். செய்தியில் ‘மூன்று மாணவியர்’ என்று படித்தபோது தெரியாத ஒன்று, படம் பார்த்தபோது தெரிந்தது: செத்தவர்களுக்கு அடுத்த வாரத்துக்கு ஏதோ ஒரு திட்டம் இருந்திருக்கும். இதைப் பதிவு செய்து காட்ட எவராலும் முடியாது, ஏனென்றால் நாளைக்குச் சாகப்போகிறவர்களைப் பின்தொடர்ந்து யாரும் படமெடுப்பதில்லை. அந்த வழக்கில் தூக்கு ஆயுளாகி, ஆயுள் தண்டனை பெற்றவர்கள் 2018இல் விடுதலையும் ஆகிவிட்டார்கள். இன்றைய கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய எல்லாருமே அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்கள். என் பரிந்துரை அந்தப் படம்தான்.

ஊத்தங்கரை வாணி:

வன்முறையே பேசுகிறீர்கள், வெள்ளத்தையும் கொஞ்சம் பேசுவோம். ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபின், 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வந்த வெள்ளத்தில், பேருந்து நிலையத்துப் பக்கம் நின்ற வேன்களும் கார்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உருண்டுபோன காணொளியை உலகமே பார்த்தது. பதிவுக்குப் பஞ்சமில்லை, எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது. அத்தனை பதிவிலும் இருப்பது வாகனங்கள். தண்ணீர் கட்டிலின் காலைத் தொட்டபோது பாட்டியை முதலில் தூக்குவதா, அரிசி மூட்டையையா, சான்றிதழ் பெட்டியையா என்று இருட்டில் நின்றவர்கள் எதையும் படம் எடுக்கவில்லை. கை வேறு வேலையாக இருந்தது. கேரள வெள்ளத்தைப் பற்றிய ‘2018’ என்ற மலையாளப் படம் அந்த நிமிடங்களைத்தான் நடித்துக் காட்டியது. அரசு செய்த மீட்புப் பணியைக் குறைத்துக் காட்டியதாக அதன் மேல் குற்றச்சாட்டும் எழுந்தது. இரண்டையும் சேர்த்தே மாணவர்களிடம் சொல்லலாமே.

தென்பெண்ணையான் (கிருஷ்ணகிரி):

அதைத்தான் கேட்கிறேன். எது நடந்தது, எது சேர்த்தது என்று பார்ப்பவருக்கு யார் சொல்வது? சோவியத் அணு உலை விபத்தைப் பற்றிய ‘செர்னோபில்’ தொடரில் வரும் பெண் விஞ்ஞானி கற்பனைப் பாத்திரம், பல விஞ்ஞானிகளுக்குப் பதிலாகப் படைக்கப்பட்டவர் என்று தொடரின் முடிவிலேயே எழுத்துப் போட்டுச் சொன்னார்கள். தமிழில் ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று தொடக்கத்தில் ஒரு வரி, அல்லது ‘யாரையும் குறிப்பிடுவன அல்ல’ என்று எதிர்மாறாக ஒரு வரி, அவ்வளவோடு முடிந்துவிடுகிறது. வாச்சாத்திக்கு நான் வேறொரு வழி சொல்கிறேன். உயர் நீதிமன்ற நீதிபதி 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்து, பிறகு தீர்ப்பெழுதினார். அந்தத் தீர்ப்பின் பகுதிகளைத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். அதில் நடிப்பும் இல்லை, எவரையும் மீண்டும் கூண்டில் ஏற்றவும் வேண்டாம்.

சித்தேரி அடிவாரம் (அரூர்):

வாசியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பத்தாவது நிமிடத்தில் எத்தனை பேர் கைப்பேசியைப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்றும் எண்ணிவிடுங்கள். ‘விடுதலை’யின் அந்த முகாம் காட்சியைப் பதினைந்து நிமிடம் மட்டும் காட்டி, அதன்பின் தீர்ப்பை வாசித்தால் ஒருவரும் அசையமாட்டார்கள்.

பாலக்கோட்டாள்:

அந்தப் படத்துக்கு வயதுவந்தோர்க்கு மட்டும் என்ற சான்றிதழ். முதலாண்டு மாணவர்களில் பதினெட்டு நிரம்பாதவர்கள் இருப்பார்கள், அது ஒன்று. இன்னொன்று, அரூர், சித்தேரிப் பக்கத்திலிருந்து படிக்க வரும் பெண்பிள்ளைகளும் அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் யாருடைய பாட்டியோ அத்தையோ அந்தப் பதினெட்டில் ஒருவராக இருக்கலாம். காட்சியைத் திடீரென்று அவர்கள் முன்னால் ஓடவிடாமல், என்ன வரப்போகிறது என்பதை முதல் நாளே அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். வந்தார்களா, வரவில்லையா என்று வருகைப்பதிவு பார்க்கக் கூடாது. இதற்குத் திரையிடல் நடத்துகிறவர்கள் ஒப்புக்கொள்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள், அதன்பிறகு எந்தப் படம் என்பதைப் பேசலாம்.