எடை குறைத்தவர்களே, ரெண்டு வருஷம் கழித்தும் திருப்தியா?

பொருநைக்கரை:
வயது 42, எடை 98 கிலோ, சுகர் உண்டு. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, வாரம் ஒரு ஊசி, இல்லையென்றால் இரைப்பை ஆபரேஷன் என்று டாக்டர் மூன்று வழி சொல்லியிருக்கிறார். எத்தனை கிலோ குறையும் என்பதை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். செய்துகொண்டவர்கள் இப்போதும் ‘நல்லவேளை செய்தோம்’ என்று நினைக்கிறீர்களா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

வைகைக்காரி:
நான் ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவது) செய்துகொண்டவள், எனக்குத் திருப்திதான் அண்ணா. முட்டிவலி, குறட்டை ரெண்டும் போய்விட்டது. ஆனால் கல்யாண வீட்டில் ரெண்டு கை சோற்றுக்கு மேல் இறங்காது, பரிமாறுகிறவர்களுக்கு அதைப் புரியவைப்பதே பெரிய பாடு. பி12, இரும்புச்சத்து மாத்திரையெல்லாம் ஆயுசுக்கும். முதல் சில மாதம் முடி கொட்டும், அப்புறம் வளர்ந்துவிடும். ஸ்வீடனில் ஆபரேஷன் செய்தவர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வாழ்க்கைத் தரம் முதல் வருஷத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஆறாம் வருஷத்துக்கு அப்புறம்தான் ஒரு நிலைக்கு வந்தது. முதல் வருஷ சந்தோஷத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா?

மழைநாள்:
நான் ஊசி போடுகிறேன். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி எதையாவது தேடுகிற எண்ணம் சுத்தமாக இல்லை, எனக்குப் பெரிய நிம்மதியே அதுதான். ஆரம்பத்தில் குமட்டல், மலச்சிக்கல் இருந்தது. மாதாமாதம் ஆகும் செலவுதான் உறுத்துகிறது, ஏனென்றால் இது நிறுத்தினால் திரும்பி வருகிற விஷயம். செமாக்ளுடைட் என்ற வார ஊசி மருந்தின் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15% எடை குறைந்தது, நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எவ்வளவு காலம் போடுவது என்று டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கம்பங்கூழ்:
டயட்டில் எது என்று குழம்ப வேண்டாம். 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து மாவுச்சத்து குறைத்த உணவையும் கொழுப்பு குறைத்த உணவையும் ஒரு வருஷம் ஒப்பிட்டார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. உங்களால் எதை விடாமல் சாப்பிட முடியுமோ அதைப் பிடியுங்கள். இன்னொன்று, 1997-ல் அமெரிக்காவில் சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைய வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டார்கள். சராசரியாக உடல் எடையில் 32% குறைய வேண்டும் என்றார்கள், 17 கிலோ குறைந்தால்கூட ஏமாற்றம்தானாம். கடைசியில் சராசரியாகக் குறைந்தது 16 கிலோ. மருத்துவத்தில் அது அருமையான பலன், ஆனால் கிட்டத்தட்ட பாதிப்பேர் அந்த ‘ஏமாற்ற’ எடையைக்கூட எட்டவில்லை. அதனால் சுகர் மாத்திரை குறைய வேண்டுமா, படியேறும்போது மூச்சு வாங்கக் கூடாதா, என்ன வேண்டும் என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

பொருநைக்கரை:
நெஞ்செரிச்சல் ரொம்ப வருஷமாக உண்டு தங்கச்சி, யாரும் அதைக் கேட்கவே இல்லை.

வைகைக்காரி:
அப்படியென்றால் கட்டாயம் சொல்லுங்கள் அண்ணா. ஸ்லீவ் செய்தால் அது அதிகமாகலாம். ஆபரேஷன்தான் என்று முடிவானால் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைப்பது) பொருந்துமா என்று கேளுங்கள், எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.