ஒரு ஜாமீன்தாரர் இறந்துவிட்டார், இன்னொருவர் விலகுகிறார்: புது ஜாமீன் கொடுப்பது எப்படி?

வாய்தா_22 கேட்டது:

2022-ல் பதிவான வழக்கு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சாட்சி விசாரணை நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது தலா 25,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. ரத்த உறவாகக் கையெழுத்துப் போட்ட பெரியப்பா இறந்துவிட்டார். மற்றவர் வீட்டை விற்கப் போகிறார், ஜாமீனிலிருந்து விலக வேண்டும் என்கிறார். எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) இதுவரை ஒரு வாய்தாவும் தவறியதில்லை.

மனு எந்தக் கோர்ட்டில் போடுவது? வாரண்ட் வருமா? பெரியப்பாவின் பிள்ளைகள் மேல் பொறுப்பு விழுமா? ஆள் தேடாமல் பணமாகக் கட்டிவிடலாமா?

---

கட்டுக்காரர்:

இரண்டும் வேறு வேறு பிரிவு. ஒரே மனுவில் போட்டுக் குழப்பாதீர்கள்.

இறப்புக்கு: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 447, அதற்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 493. பிணைப்பத்திரம் வாங்கிய கோர்ட்டோ முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டோ, முதல் உத்தரவில் சொன்னபடியே புது ஜாமீன் கொடுக்கச் சொல்லலாம். கொடுக்காவிட்டால் முதல் உத்தரவையே நிறைவேற்றாத மாதிரி எடுத்துக்கொள்ளும், அதாவது உள்ளே போக நேரிடலாம். அதனால் கோர்ட் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், இறப்புச் சான்றிதழோடு நீங்களே மனு போட்டு, புது ஆளையும் அன்றே நிறுத்துங்கள்.

விலகலுக்கு: பழைய 444, புதிய 489. பலரும் சறுக்குவது இங்கேதான். ஜாமீன்தாரர் தனியாகப் போய் விடுவிப்பு மனு போட்டால், மாஜிஸ்திரேட் எதிரியைக் கொண்டுவரச் சொல்லிப் பிடியாணை பிறப்பித்தே ஆக வேண்டும். உட்பிரிவு 2-ல் அவருக்கு விருப்புரிமை கிடையாது. ஒரு வாய்தாவும் தவறாத எதிரிக்கும் வாரண்ட் வருவது இப்படித்தான். ஆனால் உட்பிரிவு 3 எதிரி தானாக முன்வந்து ஆஜராவதையும் ஏற்கிறது. ஆகவே ஜாமீன்தாரரின் மனு, எதிரி ஆஜர், மாற்று ஜாமீன்தாரரின் பத்திரம் மூன்றும் ஒரே நாளில், ஒரே அழைப்பில் வர வேண்டும். அப்படி வந்தால் வாரண்டுக்கு வேலையே இல்லை.

பெரியப்பா குடும்பத்துக்குப் பயமில்லை. பத்திரம் பறிமுதலாகும் முன் ஜாமீன்தாரர் இறந்தால் அவர் சொத்து அந்தப் பொறுப்பிலிருந்து முழுக்க விடுபடும் என்று 446(4) (புதியது 491) தெளிவாகவே சொல்கிறது. எதிரி வாய்தா தவறி, பத்திரம் பறிமுதலான பிறகு இறந்திருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

2022 வழக்கு என்பதால் மனுவின் தலைப்பில் பழைய பிரிவையும் புதியதையும் சேர்த்தே எழுதுங்கள். எண் பார்த்துத் திருப்பி அனுப்புவது குறையும்.

---

ஆறாம்_நம்பர்_அறை:

மேலே சொன்னது சரி. ஆபீஸ் சரிபார்ப்பில் எதற்கெல்லாம் திரும்பும் என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

புது ஜாமீன்தாரரிடம் ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகல், புகைப்படம், இடது கட்டைவிரல் ரேகை. உயர் நீதிமன்ற ஜாமீன் உத்தரவுகளில் இவை வழக்கமாக இருக்கும் நிபந்தனை, உங்கள் உத்தரவிலும் பாருங்கள். அவருக்குப் பண வசதி இருக்கிறது என்று காட்டச் சொத்து வரி ரசீது, பட்டா, சம்பளச் சான்று இவற்றில் அந்தக் கோர்ட் எதை ஏற்கிறது என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ரசீது இறந்துபோன அப்பா பெயரிலேயே இருப்பது, ஆதாரில் ஒரு இனிஷியல் ரசீதில் வேறு இனிஷியல், பழைய வருட ரசீது, இந்த மூன்றாலும்தான் பாதிப் பேர் மாலையில் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

அவர் இதுவரை யார் யாருக்கு ஜாமீன் நிற்கிறார் என்ற உறுதிமொழியும் கட்டாயம் (பழைய 441ஏ, புதிய 486). வேறு வழக்கில் நிற்பது தவறில்லை, அதை மறைத்தால்தான் சிக்கல். போலி ஜாமீன்தாரர் என்ற சந்தேகம் எழுந்தால் எதிரிக்கே புதுப் பிடியாணை வரலாம்.

ரத்த உறவு என்றால் ரத்த உறவுதான். மைத்துனர், மருமகன் திருமண உறவு. சித்தப்பாவோ கூடப்பிறந்தவரோ வந்தால் உறவைக் காட்ட ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று மாதிரி ஏதாவது கையில் இருக்கட்டும்.

அடுத்த வாய்தா பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

---

கட்டுக்காரர்:

கடைசி வரியை ஏற்க முடியவில்லை. இறப்பு மனுவுக்கு வேண்டுமானால் பக்கத்து வாய்தா வரை காத்திருக்கலாம். விலகுகிறவர் வீட்டை விற்றுவிட்டால் அவர் வசதி போய்விடும், அப்போது 443 (புதியது 488) வரும்: ஜாமீன் பின்னால் போதாமல் போனாலும் கோர்ட் வாரண்ட் போட்டுப் புது ஜாமீன் கேட்கலாம். விற்பனைக்கு முன்னால் முடிப்பதே நல்லது.

---

வாய்தா_22:

நன்றி. சித்தப்பா இருக்கிறார், ஆனால் வேறு மாவட்டம். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்பார்களா? பணம் கட்டுவது பற்றியும் சொல்லுங்கள்.

---

மேல்முறையீடு:

வேறு மாவட்டம் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது. 1978-ல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜாமீன்தாரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நிராகரித்ததைக் கடுமையாகவே கண்டித்தது. ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட வழக்கு அது. 2023 ஜனவரியில், ஜாமீன் கிடைத்தும் சிறையிலேயே கிடப்பவர்களுக்காகக் கொடுத்த வழிகாட்டுதலிலும் உள்ளூர் ஜாமீன் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் தவிர்க்கச் சொன்னது. இரண்டு உத்தரவுகளின் நகலும் கையில் இருக்கட்டும். வாதாடும் நிலை வராமலே போகலாம்.

பணம்: பழைய 445, புதிய 490 அதற்கு இடம் தருகிறது. நன்னடத்தைப் பத்திரத்துக்கு மட்டும் கிடையாது. ஆனால் அது கோர்ட் அனுமதிக்க வேண்டிய விஷயம், உங்கள் உரிமை அல்ல. உங்கள் வழக்கில் இன்னொரு தடை: ஆள் ஜாமீனும் ரத்த உறவும் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். அதே தகுதியுள்ள வேறு ஆளை மாஜிஸ்திரேட் ஏற்கலாம். நிபந்தனையையே பணமாக மாற்ற வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் மாற்ற மனு போட வேண்டும். சித்தப்பா இருக்கும்போது அந்தச் செலவும் அலைச்சலும் எதற்கு?

விலகுகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதோ, எதிரியிடம் வாயால் சொல்வதோ, மனு தாக்கல் செய்வதோ அவரை விடுவிக்காது. மாஜிஸ்திரேட்டின் விடுவிப்பு உத்தரவு வரும்வரை எதிரி ஒரு வாய்தா தவறினாலும் 25,000 ரூபாய்க்கு அவரும் பதில் சொல்ல வேண்டும். கட்டாவிட்டால் அபராதம் போல வசூலிப்பார்கள், அப்படியும் வசூலாகாவிட்டால் ஆறு மாதம் வரை சிவில் சிறை.

இரண்டாவது, பத்திரத்தோடு அசல் ஆவணம் ஏதாவது கோர்ட்டில் வைத்திருந்தால், அதைத் திரும்பப் பெறும் கோரிக்கையையும் அன்றைய மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். விடுவிப்பு உத்தரவுக்குச் சான்றிட்ட நகல் விண்ணப்பமும் அன்றே போடட்டும். கிரயப் பதிவுக்கு முன் அந்த நகல் அவர் கையில் இருக்க வேண்டும்.