கோர் டம்ப்: ‘நினைவகக் கொட்டல்’ வேண்டாம், ‘முறிவெச்சம்’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிரல் ஒன்று இடையில் முறிந்து விழும்போது அதன் நினைவகம் அப்படியே ஒரு கோப்பாக எழுதப்படுகிறதே, அந்தக் ‘கோர் டம்ப்’புக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘நினைவகக் கொட்டல்’ ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கடைசி நேரத்தில் வந்து குறுக்கே நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> கோர் என்றால் கரு, டம்ப் என்றால் கொட்டல். ‘கருக்கொட்டல்’ என்றே வைத்துவிடலாமே?

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மகப்பேறு மருத்துவரிடம் போகவேண்டிய சங்கதி போல இருக்கிறது. பொருளும் பொருந்தவில்லை. இந்தக் கோர், இயங்குதளத்தின் மையநிரலான கர்னலும் அல்ல, செயலிக்குள் நான்கு, எட்டு என்று எண்ணுகிறோமே அந்தக் கோரும் அல்ல. 1950-களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் கணினிகளின் முதன்மை நினைவகமாக இருந்த காந்தக் கோர் இது. கம்பியில் பாசிமணி போலக் கோத்த பொடிப்பொடி ஃபெரைட் வளையங்கள், வளையத்துக்கு ஒரு பிட். வளையங்கள் போய்விட்டன, பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழிலும் அதைச் சுமக்க வேண்டுமா?

> கொட்டல் எல்லோருக்கும் புரிகிறது. புரிந்தால் போதாதா?

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. நாம் கொட்டுவது குப்பையை. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சர்வர் நிரல் ஒன்று அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. அது விட்டுப்போன கோப்பை ஒருவர் பிழை அறிக்கையோடு அப்படியே இணைத்துவிட்டார். வெளி ஒப்பந்தக்காரர்களும் திறந்து பார்க்கக்கூடிய பக்கம் அது. ஏதோ சந்தேகத்தில் அந்தக் கோப்பின்மேல், படிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் எடுத்துக்காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை ஓட்டினேன். பிழைச்செய்திகளும் நூலகப் பெயர்களுமாக ஓடிய வரிகளுக்கு நடுவே தரவுத்தளத்தின் பயனர் பெயர், அடுத்த வரியிலேயே கடவுச்சொல், ஓரெழுத்து குறையாமல். இணைத்தவரைக் கேட்டதற்கு, “வெறும் டம்ப்தானே?” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சொல் அப்படி.

உண்மையில் அந்தக் கோப்பு என்ன? நிரல் தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டதும் கர்னல் அதற்குள் ஒரே நேரத்தில் ஓடும் எல்லா இழைகளையும் (த்ரெட்) நிறுத்துகிறது. செயலியின் பதிவேடுகளில் இருந்த மதிப்புகள், நினைவகத்தின் அடுக்கு (ஸ்டாக்), குவியல் (ஹீப்) எல்லாவற்றையும் அந்த நொடியில் இருந்தபடியே எல்ஃப் என்ற வடிவத்தில் ஒரு கோப்பாக எழுதுகிறது. நிரல் எதை மனதில் வைத்திருந்ததோ அது அத்தனையும் அதில் வந்துவிடும்: கடவுச்சொல், தனிச்சாவி, யாருடையதோ பாதி எழுதிய கடிதம். அதனால்தான் லினக்ஸ் கர்னல் இதை உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 0600 அனுமதியோடு எழுதுகிறது. அந்தப் பெயரில் வேறு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு இருந்தால் பின்தொடராது, இன்னொரு பெயரும் உள்ள (வன் இணைப்புள்ள) கோப்பு இருந்தால் தொடாது. யார் ஓட்டினாலும் தன் கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி நிரல் விழுந்தாலோ, இயல்பு அமைப்பில் எதையும் எழுதாது. குப்பைக்கு யாராவது இவ்வளவு காவல் போடுவார்களா?

காவலில் ஓட்டை விழுந்ததும் உண்டு. 2006-இல் வெளிவந்த பிழை எனக்கு மறக்காது. எந்த நிரலும் பிஆர்சிடிஎல் என்ற கர்னல் அழைப்பின் மூலம், தன் கோப்பு ரூட்டின் (எல்லா அதிகாரமும் உள்ள பயனரின்) பெயரில் எழுதப்படட்டும் என்று கேட்டுக்கொள்ள முடிந்தது. தாக்குபவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானின் அட்டவணைகள் இருக்கும் அடைவுக்குப் போய், நினைவகத்தில் ஒரு கிரான் வரியை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே விழ வேண்டும். கர்னல் கோப்பை அங்கேயே எழுதும். கிரான் அதைத் திறந்து, புரியாத பைட்டுகளைத் தள்ளிவிட்டு, அந்த ஒரு வரியை ரூட்டாக ஓட்டிவிடும்.

பிறகு கோப்பை நேராக எழுதாமல், அது எங்கே போகவேண்டும் என்று சொல்லும் கோர் பேட்டர்ன் அமைப்பில் முதல் எழுத்தாகக் குழாய்க்குறி (|) போட்டு, அதை வாங்கிவைக்கும் ஒரு கையாளி நிரலுக்கு அனுப்பும் வழக்கம் பரவியது. அங்கேயும் 2025-இல் சிக்கல் வந்தது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கையாளி, விழுந்த நிரல் எது என்பதை அதன் ப்ராசஸ் எண்ணை (ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் கர்னல் தரும் எண்) வைத்துத்தான் பார்த்தது. செட்யூஐடி நிரலை விழவைத்து, கையாளி பார்ப்பதற்குள் அதே எண்ணில் சாதாரண நிரல் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், கோப்பு சாதாரணப் பயனர் கைக்கு வந்துவிடும். உள்ளே கடவுச்சொற்களிலிருந்து கணக்கிட்டு வைத்த ஹாஷ்கள். இதைச் சரிசெய்ய, எண்ணோடு அந்த ப்ராசஸையே சுட்டும் ஒரு கோப்புப்பிடியையும் கர்னலே கையாளிக்குக் கொடுக்கும்படி மாற்றினார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘முறிவுப் பதிவு’ என்று ஒருவர் சொன்னார். நிரல் தன் நடப்பை எழுதிவைக்கும் லாகை ஏற்கெனவே பதிவு என்கிறோம், குழப்பம்தான் மிஞ்சும். ‘முறிவுப்படி’ எனக்கும் முதலில் பிடித்தது, படி என்றால் நகல் என்று. ஆனால் விதிப்படி, சட்டப்படி என்று பழகிய கண்ணுக்கு அது பெயர்ச்சொல்லாகவே படுவதில்லை.

என் பரிந்துரை ‘முறிவெச்சம்’. முறிவுக்குப் பின் எஞ்சுவது. முறிவு முற்றியலுகரத்தில் முடிந்தாலும் கதவு, அழகு சேர்ந்து கதவழகு ஆவது போல இதுவும் சேரும். இன்னொரு பொருத்தமும் தற்செயலாக அமைந்தது: இலக்கணத்தில் எச்சம் என்பது முற்றுப்பெறாத வினை. ‘வந்து’ என்று சொல்லி நிறுத்தினால் காது அடுத்த வினைக்காகக் காத்திருக்கும். விழுந்த நிரலும் ஒரு வரியில் அப்படித்தான் நிற்கிறது. அடுத்து எங்கே போகவிருந்தது என்று டிபக்கரில் தேடுவதே நம் பிழைப்பு.

> எச்சம் என்றால் காக்கை ஞாபகம் வராதா?

இதை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே கேட்டுவிட்டேன். வரும். வினையெச்சம் படிக்கும்போது யாருக்கும் வருவதில்லை, முன்னொட்டு அதைப் பார்த்துக்கொள்ளும். அதனால் தனியே ‘எச்சம்’ என்று சுருக்காமல் எப்போதும் முழுச்சொல்லாகவே எழுதுவோம்.

மொழிபெயர்க்க உட்கார்ந்துதான் இதைச் சோதித்தேன். ‘செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்டு’ என்று முனையத்தில் வருமே, அந்த வரி. ‘கொட்டப்பட்டது’ என்றால் எங்கே கொட்டியது என்று அதே அடைவில் தேடுவார்கள். கோப்பு கையாளியிடம் போயிருக்கும். முனையத்தில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கும் இடம் தெரியாது, வெளியேற்ற நிலையில் கர்னல் ஏற்றிவைத்த ஒரு பிட்டைப் பார்த்து அப்படிச் சொல்கிறது, அவ்வளவே. ‘முறிவெச்சம் எடுக்கப்பட்டது’ என்று போட்டால் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கும். வினை ‘எடு’ என்றே இருக்கட்டும். நினைவகத்தின் ஒரு பகுதியை இதில் சேர்க்காதே என்று நிரலே சொல்லும் வசதி லினக்ஸ் 3.4-இலிருந்து இருக்கிறது. அதற்கு ‘முறிவெச்ச விலக்கு’ போதும். வடிகட்டி, கையாளி இரண்டும் அப்படியே பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. கர்னலே விழுந்தால், முன்பே ஒதுக்கிவைத்த நினைவகத்தில் இரண்டாவது கர்னல் எழுந்து முதலாவதைப் படம்பிடிக்கிறதே, அதற்கும் இதே சொல்லா? ‘கர்னல் முறிவெச்சம்’ என்று இப்போதைக்குக் கலைச்சொல் அட்டவணையில் போட்டிருக்கிறேன், பக்கத்தில் கேள்விக்குறியோடு. இந்த வேலையைச் செய்யும் கேடம்ப்பை நாள்தோறும் கையாளுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.