ஷார்ஜாவுல நம்மூரு சைட்டு தொறக்க மாட்டேங்கு, விபிஎன் போடலாமா?

அம்பை_பையன்

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம், இப்ப ஷார்ஜாவுல ஏசி மெக்கானிக்கா இருக்கேன். ரெண்டு பிரச்சன, ரெண்டும் ஒரே சாதின்னு தோணுது, அதான் சேத்தே கேக்கேன்.

ஒண்ணு, அம்மா பேருல உள்ள வயக்காட்டுக்கு ஒரு அரசாங்க சைட்டுல காயிதம் எடுக்கணும். எந்த சைட்டுன்னு பேரு வேண்டாம். ஊர்ல தம்பி போன்ல டக்குனு தொறக்கு, இங்கன நான் போட்டா வட்டமா சுத்திக்கிட்டே கெடந்துட்டு கடைசில டைம்ட் அவுட்னு வந்து நிக்கு. தம்பியவே எடுக்கச் சொல்லலாம்லான்னு கேப்பீங்க, ஓடிபி அம்மா நம்பருக்குல்லா வருது, அம்மா விசிட் விசாவுல இங்க வந்திருக்காவ, அந்த சிம்மும் இங்கதான் கெடக்கு. நம்பர இங்கிருந்து போன்ல படிச்சு அவன் அங்க அடிக்கதுக்குள்ள எக்ஸ்பயர்டுன்னு வந்துருது, அவனும் அறுப்பு நேரம் களத்துமேட்டுல நின்னுக்கிட்டு எரிஞ்சு விழுதான்.

ரெண்டாவது அம்மாவோட சீரியல். ஊர்ல வருஷத்துக்கு காசு கட்டுன அதே ஓடிடி கணக்குதான், இங்க லாகின் பண்ணா பாதி ஐட்டத்தக் காணோம், மீதிய அமுக்குனா உங்க பகுதியில கிடைக்காதுன்னு கறுப்புத் திரை. அம்மா என்னமோ நான் பில்லு கட்டாம கட் ஆயிட்டுன்னு நெனைக்காவ. எத்தன தடவ சொன்னாலும் "நீ கட்டுனியா இல்லையாலே, நெசத்தச் சொல்லு"ங்காவ.

கூட வேல பாக்குற பசங்கள்ல ஒருத்தன் ஃப்ரீ விபிஎன் (நம்ம லைன வேற ஊரு வழியா திருப்பி விடுத ஆப்பாம்) போடுங்கான், இன்னொருத்தன் அதப் போட்டா இங்க ஜெயிலுங்கான். எது நெசம்? நமக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது, புரியுத மாதி சொல்லுங்க.

ஜங்ஷன்_பிரௌசிங்

தம்பி, மொதல்ல ஒண்ணு பாத்துக்கிடுங்க. தொறக்காத சைட்டு எல்லாமே நாடு பாத்து அடைச்ச சைட்டு கெடையாது. அரசு சைட்டு ராத்திரி மெயின்டனன்ஸ்ல கெடக்கும், சர்வர் படுத்துருக்கும். அதனால நீங்க தட்டுத அதே நேரத்துல தம்பியையும் தட்டச் சொல்லுங்க. அவனுக்கு வந்து உங்களுக்கு வரலன்னாதான் இது அந்தக் கேஸு. வர்ற எரரும் கொஞ்சம் துப்பு குடுக்கும். 403-ன்னு வந்தா சர்வர் உங்கள பாத்துட்டு உள்ள விடலன்னு அர்த்தம், 451-ன்னு வந்தா சட்டக் காரணத்துக்காக காட்ட மாட்டோம்னு அவங்களே சொல்லுதாங்க. 2018-ல ஐரோப்பாவுல தனியுரிமைச் சட்டம் வந்தப்ப அமெரிக்க பேப்பர்காரங்க சில பேரு ஐரோப்பா ஆளுங்களுக்கு கதவ சாத்துனாங்கல்லா, அப்ப அந்த 451-அ நெறைய பேரு பாத்துருப்பாங்க. உங்களுக்கு வர்ற டைம்ட் அவுட்டுனா பெரும்பாலும் ஃபயர்வாலு (சர்வர் வாசல்ல நிக்குத காவக்காரன் மாதி) பதிலே சொல்லாம தூக்கிப் போட்டுருதுன்னு அர்த்தம். வெளிநாட்டுல இருந்து ஹேக்கிங் தொல்ல வருதுன்னு இந்தியா ஐபிய (நெட்டுல ஒவ்வொரு லைனுக்கும் உள்ள நம்பரு) மட்டும் விடுத ஏற்பாடு அது.

நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னு அதுக்கு எப்டித் தெரியும்னா ஐபி அட்ரஸ வச்சுதான். நம்ம பக்கத்துக்கு ஏப்னிக்னு ஒரு அமைப்பு மொத்தமா ஐபிகள பிரிச்சுக் குடுக்கு, அமீரகத்துக்கு ரைப்னு ஐரோப்பாவுல உள்ள அமைப்பு. எந்த ஐபி எந்த நாட்டுலன்னு பட்டியல் போட்டு விக்கவும் கம்பெனி இருக்கு. சைட்டுக்காரன் அந்தப் பட்டியலப் பாத்து உள்ள விடுவான், இல்ல வெளிய நிறுத்துவான்.

சீரியல் வெவகாரம் வேற. அது உரிம பிரச்சன. நம்ம சினிமாவுல எஃப்.எம்.எஸ்னு வெளிநாட்டு உரிமைய தனியா விப்பாங்க, நம்ம திருநெல்வேலி கன்னியாகுமரியவே டி.கே ஏரியான்னு தனியா வித்த தொழில்தான அது. அதே கணக்குதான் ஓடிடியிலயும். இந்தியாவுக்கு மட்டும் வாங்குன ஐட்டத்த அவன் ஷார்ஜாவுல காட்டுனா கேஸு ஆயிரும். நீங்க காசு கட்டுனீங்களா இல்லையாங்கதே அதுல பேச்சு கெடையாதுன்னு அம்மாட்ட சொல்லிருங்க.

அபுதாபி_கடையநல்லூர்

ஜெயிலுங்க பேச்சுக்கு நான் சொல்லுதேன், இந்த ஊர்ல கொஞ்ச வருஷமா குப்ப கொட்டுத ஆளு. விபிஎன் ஆப்ப போன்ல வச்சிருந்தாலே குத்தம்னு சட்டத்துல இல்ல. இங்க 2021-ல போட்ட சைபர் குற்றச் சட்டம், 34-ம் நம்பரு, 2022 ஜனவரில இருந்து அமல்ல இருக்கு. அதுல 10-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, குத்தம் பண்ணவோ பண்ணுன குத்தத்த மறைக்கவோ வேற ஐபிய காட்டி ஏமாத்துனா ஜெயிலு, இல்ல 5 லட்சத்துல இருந்து 20 லட்சம் திர்ஹம் வர அபராதம், ரெண்டும் சேந்தும் கெடைக்கலாம். நம்ம காசுக்கு போட்டுப் பாருங்க, தல சுத்தும். கம்பெனி, பேங்குல்லாம் ஆபீஸ் சோலிக்கு விபிஎன் போடலாம், அதுக்குத் தட கெடையாது.

அப்ப எது குத்தம்ங்கதுதான் கேள்வி. இங்க அனுமதி இல்லாத வீடியோ கால் ஆப்ப விபிஎன் போட்டு பேசுதவன் ஏராளம், அது வெளிப்படையாவே தப்பு, அதுக்குத்தான் போட்டிம் மாதி லைசென்ஸ் வாங்குன ஆப்பு வச்சிருக்காங்க. சொந்த நாட்டு அரசாங்க சைட்டுல சொந்த நெலத்துக் காயிதம் எடுக்கது குத்தம்னு எனக்குத் தோணல, ஆனா நான் வக்கீல் இல்ல வே, இங்க சட்டத்த வளச்சுப் பாக்குத வேல நமக்கு எதுக்கு. ஓடிடிக்காக விபிஎன் போடுதது உரிமச் சிக்கல்லயும் போய் நிக்கும், அதுக்கு நான் ஒத்துக்கிட மாட்டேன்.

ஃப்ரீ விபிஎன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஹோலான்னு ஒண்ணு இருந்துச்சு, ஃப்ரீன்னு கோடிக்கணக்குல ஆளு போட்டாங்க. 2015-ல பாத்தா, போட்டவங்க லைனயே வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்திருக்கான், அதாவது எவனோ ஒருத்தன் பண்ணுத வேல உங்க ஐபி பேருல போவும். அமீரகத்துல இருந்துக்கிட்டு இது தேவையா?

ஸ்டுட்கார்ட்_பாளை

காசு கட்டி வாங்குத விபிஎன்லயும் ஒரு சங்கதி இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. 2022 ஏப்ரல் 28-ந் தேதி நம்ம சர்ட்-இன் (இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) ஒரு உத்தரவு போட்டுச்சு, விபிஎன் கம்பெனில்லாம் வாடிக்கையாளர் பேரு, அட்ரஸு, ஐபி எல்லாம் 5 வருஷத்துக்கு எடுத்து வைக்கணும்னு. பதிவே வைக்க மாட்டோம்னு சொல்லித்தான அவன் யாவாரமே பண்ணுதான், அதனால எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் எல்லாம் அந்த வருஷமே இந்தியாவுல இருந்த சர்வர கழட்டிட்டாங்க. ஆனாலும் லிஸ்ட்டுல இந்தியான்னு போட்டுருக்கும். அது பேருக்கு இந்தியா ஐபி, மெஷினு சிங்கப்பூர்லயோ லண்டன்லயோ ஓடும். அது போவ ஒரே ஐபிய ஆயிரம் பேரு பங்கு போட்டு வருதத பாத்து ஓடிடிக்காரனும் பேங்குக்காரனும் கண்டுபிடிச்சு அடைச்சிருதாங்க. ஒரு வாரம் வேல செய்யும், அடுத்த வாரம் நிக்கும்.

நான் பண்ணிருக்கது என்னன்னா, பாளையங்கோட்டைல எங்க வீட்டு லைனு வழியாவே வெளிய போறேன். தார்சாவுல டிவிக்குக் கீழ ஒரு ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் கெடக்கு, அதுல டெயில்ஸ்கேல்னு ஒரு ஆப்பு, நம்ம கருவிகள மட்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்து விடுத விபிஎன் அது, தனி ஆளுக்கு காசு கெடையாது. அதே ஆப்பு அதே கணக்குல என் போன்லயும். வீட்டுப் பெட்டில எக்ஸிட் நோடா (அதாவது நெட்டுக்கு வெளிய போற வாசலா) ஓட விடுன்னு ஒரு பட்டன், அப்புறம் பிரௌசர்ல அவங்க அட்மின் பக்கத்துக்குப் போயி அத அனுமதிக்கணும் (இத உட்டுட்டு வேல செய்யலன்னு கத்துதவங்கதான் அதிகம்), பொறவு போன்ல அந்தப் பெட்டிய தேர்ந்தெடுத்தா முடிஞ்சு போச்சு. சைட்டுக்கு நான் பாளையங்கோட்ட வீட்டுல சாரத்தக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கதாத்தான் தெரியும். நம்மூர்ல நெறைய ஃபைபர் லைனுக்கு தனி பப்ளிக் ஐபி கெடையாது, சிஜிநாட்னு ஒரே ஐபிய பல வீட்டுக்கு பிரிச்சு உடுதாங்க, அதனால பழைய மொறைல ரவுட்டர்ல போர்ட் தொறந்து விபிஎன் வைக்கதுல்லாம் நடக்காது, டெயில்ஸ்கேல் அதத் தாண்டி வழி கண்டுபிடிச்சிரும்.

ஒண்ணு, வேகம் எதிர்பாக்கக் கூடாது. நீங்க இங்க டவுன்லோடு பண்ணுதது அங்க வீட்டு லைனுக்கு அப்லோடு. 100 எம்பி லைனுன்னு பெருமையா சொல்லுவாங்க, அப்லோடு எவ்வளவுன்னு கேளுங்க.

தென்காசி_செல்வி

எல்லாரும் பெருசா போய்ட்டீங்க. தம்பி, அம்மா சிம்மு இந்தியா சிம்முதான, இப்ப உங்க கையிலதான இருக்கு? அதுல ரோமிங் டேட்டா பேக்கு ஒண்ணு போடுங்க, அந்த சைட்டு தொறக்கான்னு பாருங்க.

ஏன்னா ரோமிங்ல இருக்கப்ப உங்க டேட்டா ஷார்ஜா டவர்ல ஏறுனாலும் அங்கனயே இன்டர்நெட்டுக்குள்ள எறங்குதது கெடையாது. அந்த ஊரு கம்பெனி அத கட்டித் தூக்கி இந்தியாவுல உள்ள நம்ம கம்பெனி கேட்வேக்கு (இன்டர்நெட்டுக்குள்ள போற வாசல்) அனுப்பும், அங்க இருந்துதான் வெளிய போவும். ஹோம் ரூட்டிங்னு சொல்லுவோம், ரோமிங்ல பெரும்பாலும் இப்டித்தான். சைட்டுக்குத் தெரியுதது இந்தியா ஐபி. நான் மொபைல் நெட்வொர்க் சைடுல வேல பாத்தவ, அதான் சொல்லுதேன். விபிஎன்னும் இல்ல, அபுதாபி அண்ணன் சொன்ன 10-வது பிரிவும் இல்ல. வரும்போதே ஏர்போர்ட்டுல வாங்குத டிராவல் ஈசிம்ல இது ஆவாது, அது எந்த நாட்டு கேட்வே வழியா வெளிய வரும்னு சொல்ல முடியாது.

பேக்கு ஆக்டிவேட் ஆன மெசேஜ் வந்த பொறவுதான் டேட்டா ரோமிங்க ஆன் பண்ணணும், முன்னாடியே பண்ணுனா பில்லப் பாத்து மயக்கம் வரும். அம்மா போன்லயே வாட்ஸப் போட்டோ தானா டவுன்லோடு ஆவுதது, பிளேஸ்டோர் அப்டேட்டு எல்லாத்தையும் நிப்பாட்டிருங்க. ரோமிங்ல வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கு காசு கெடையாது, அதனால ஓடிபிக்கு பேக்கே தேவையில்ல, சைட்ட தொறக்கதுக்குத்தான் பேக்கு. சீரியலுக்கு இது கட்டுபடியாவாது, ஒரு வார எபிசோடுல பேக்கு காலி.

அம்பை_பையன்

செல்வி அக்கா, உங்க வாயில சர்க்கரையத்தான் போடணும். நேத்து ராத்திரி சின்ன பேக்கா ஒண்ணு போட்டு அம்மா போன்லயே தட்டுனேன், சைட்டு மொத தட்டுலயே தொறந்துட்டு. ஓடிபியும் அதே போன்ல வந்துட்டா, அடிச்சு முடிச்சு காயிதத்த எறக்கியாச்சு. புல எண்ண பாத்துட்டு அம்மா ஒரு கத சொல்லுதாவ, கெழக்கு வரப்பு அளந்தது தப்புன்னு தாத்தா காலத்துல இருந்தே பேச்சாம், அது தனிப் பஞ்சாயத்து.

அபுதாபி அண்ணாச்சி சொன்னத கேட்டு ஃப்ரீ விபிஎன் எறக்குன பசங்ககிட்டயும் சொன்னேன், ஒருத்தன் அப்பமே அழிச்சான், இன்னொருத்தன் சிரிக்கான்.

சீரியலுக்கு இன்னும் வழி தெரியல. ஸ்டுட்கார்ட் அண்ணாச்சி சொன்ன பெட்டிய ஊர்ல வச்சா ஓடுமா?

ஜங்ஷன்_பிரௌசிங்

ஓடும், ஆனா ஓடிடிக்காரன் விதிமுறைல விபிஎன் கூடாதுன்னு போட்டுருப்பான், படிச்சுப் பாருங்க. வீட்டு லைனுங்கதால கண்டுபிடிக்கது கஷ்டம், அதுக்காக சரின்னு ஆயிராது. கணக்க முடக்குனா வருஷக் காசு போச்சு. அந்த சேனலே யூடியூப்ல எபிசோடு போடுதானான்னு ஒரு தடவ தேடிப் பாருங்க, அமீரகத்துக்குன்னு தனி ஓடிடி பேக்கு இருக்கான்னும் பாருங்க. அம்மா மூணு மாசம்தான இருப்பாவ.

ஸ்டுட்கார்ட்_பாளை

அண்ணாச்சி சொல்லுததுல ஞாயம் இருக்கு, நான் ஓடிடிக்கு பயன்படுத்துததில்ல, பேங்கு, வரி சைட்டு இதுக்குத்தான். தம்பி அமீரகத்துல இருக்கதால அங்க கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, சொந்தப் பெட்டியா இருந்தாலும் ஐபி மாறுதது மாறுததுதான்.

வச்சா ஒண்ணு மறக்காதீங்க. டெயில்ஸ்கேல்ல ஒவ்வொரு கருவிக்கும் 180 நாள்ல சாவி காலாவதி ஆயிரும், திரும்ப லாகின் கேக்கும். ஊர்ல பெட்டிகிட்ட யாரு உக்காந்து லாகின் பண்ணுவா? அட்மின் பக்கத்துல அந்தக் கருவிக்கு மட்டும் காலாவதிய நிப்பாட்டி வச்சிருங்க. பழைய போன இதுக்கு வைக்கலாம்னு சொல்லுவாங்க, வருஷம் பூரா சார்ஜர்ல கெடந்தா பேட்டரி உப்பிரும், பாக்ஸே நல்லது. ரவுட்டரும் பாக்ஸும் ஒரே இன்வெர்ட்டர் லைன்ல இருக்கணும். பெரிய பிரச்சன கரண்டு கட்டு கெடையாது, எங்க பெரியம்ம. ராத்திரி படுக்கப் போகும்போது வீட்டுல எரியுத சின்ன லைட்டு பூராத்தையும் தேடித் தேடி அணச்சிட்டுத்தான் படுப்பாவ. சுவிட்ச்சு மேல டேப்ப ஒட்டி வச்சேன், டேப்ப உரிச்சிட்டு அணச்சிருக்காவ.

அபுதாபி_கடையநல்லூர்

ஐப்பசில இடி இடிச்சா எங்க வீட்டுலயும் மொதல்ல புடுங்குதது ரவுட்டரத்தான், அதுக்கு நான் குத்தம் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் மழைல நம்ம பக்கம் பட்ட பாட்ட பாத்த பொறவு ஊரு லைன நம்பி அவசர சோலி எதையும் கடைசி நாளுக்கு வைக்கதில்ல. செல்வி தங்கச்சி சொன்ன ரோமிங்குதான் எனக்கும் சரியாப் படுது, இந்தியா சிம்ம உயிரோட வச்சிருக்க மாசா மாசம் சின்ன ரீசார்ஜ் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அம்பை_பையன்

சரி அண்ணாச்சி, இப்போதைக்கு அம்மாவுக்கு யூடியூப்ல தேடுதேன், ரெண்டு சேனல் கெடைச்சிருக்கு, எபிசோடு ஒரு நாள் தாமசமா வருது. அம்மாவுக்கு அது போதாதாம், ஊர்ல சித்தி போன்ல அதுக்கு முன்னாலயே கதைய சொல்லிருதாளாம். சித்திட்ட பேசிப் பாக்கேன்.