கால் தமனி அடைப்புக்கு நடைப்பயிற்சி: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் வசிக்கும் என் தந்தைக்கு வயது 66. நாற்பது ஆண்டுகள் பீடி புகைத்தவர், சர்க்கரை நோயும் உண்டு. சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகி வலிப்பதும், நின்றால் சில நிமிடங்களில் அடங்குவதுமாக இருந்ததால் பரிசோதித்தபோது, கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்த விகிதம் 0.62 என்று வந்தது, 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே அடைப்பு என்று கொள்வார்களாம்.

காலில் புண் ஏதும் இல்லாததால், மாத்திரைகளுடன், வாரத்தில் மூன்று நாள் 30 முதல் 45 நிமிடம் வரை, வலி ஓரளவு கடுமையாகும்வரை நடந்து, அது அடங்கும்வரை உட்கார்ந்து, மீண்டும் நடக்கும் பயிற்சியைக் குறைந்தது 12 வாரம் செய்யுமாறு மருத்துவர் கூறியுள்ளார். பீடியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது (அதுவே வீட்டில் பெரும் போராட்டம்). ஆனால், வலித்தால் கால் கெட்டுவிடும் என்றஞ்சி, அப்பா முதல் சுற்றிலேயே திரும்பிவிடுகிறார்.

இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் டிரெட்மில்லில் இப்பயிற்சி அளிக்கும் இடம் மதுரையில் உண்டா? வீட்டிலிருந்தே செய்தவர்களுக்கு எந்த வாரத்தில் நடக்கும் தூரம் கூடியது? கால் மரத்துப்போகும் அவருக்கு எம்.சி.ஆர். செருப்பு (மென்மையான நுண்துளை ரப்பர் அடிப்பாகம் கொண்டது) போதுமா, ஷூ அவசியமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.