பரண் நிறைய பித்தளை: வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா?

பரண்வாசி:
போகிக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது, அதற்குள் முடிவெடுக்க வேண்டும், அதனால் இங்கே கேட்கிறேன். திருவையாற்றில் இருந்த மாமியார் வீட்டை ஆவணியில் விற்றோம். அத்தை இப்போது எங்களோடு மடிப்பாக்கத்தில் இருக்கிறார், அவரோடு ஒரு மினி லாரி நிறையப் பாத்திரமும் வந்து இறங்கியது. எங்கள் வீடு 820 சதுர அடி. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது. வந்தவை: பித்தளை அண்டா மூன்று, தவலை இரண்டு, குடம் ஐந்து, வெண்கலப் பானை ஒன்று, ஈயச் சொம்பு ஒன்று, கல்சட்டி இரண்டு, பேர் வெட்டிய எவர்சில்வர் சம்படம், தூக்கு, டபரா எல்லாம் சேர்த்து நாற்பதுக்கு மேல் (கல்யாணத்துக்கு வந்து கொடுத்தவர்கள், பாதிப் பேர் யாரென்று அத்தைக்கே தெரியவில்லை). இது போக ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வேட்டி, புடவை. எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்பது நான். ஒரு கரண்டியைக்கூடத் தொடக் கூடாது என்பது வீட்டுக்காரர். உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

காலிவீடு:
யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். நான் நாலு பேருக்குச் சமைப்பது ஒரு 5 லிட்டர் குக்கர், ஒரு சின்ன குக்கர், இரும்பு தோசைக்கல், இரும்புக் கடாய், இட்லிப் பானை, அப்புறம் பால் காய்ச்ச ஒன்று, ரசத்துக்கு ஒன்று. அவ்வளவுதான். காலையில் பெரிய குக்கரில் அடுக்கு வைத்து அடியில் பருப்பு, நடுவில் சாதம், மேலே காய். அது இறங்குவதற்குள் பக்கத்து அடுப்பில் புளியைக் கரைத்து ரசம் வைத்தால் அரை மணியில் வேலை முடிந்தது. முடியாத நாளில் பருப்புத் துவையல், மிளகு ரசம், சுட்ட அப்பளம். இதற்கு எதற்கு மூன்று அண்டா? உங்கள் வீட்டில் நூறு பேருக்கு யார் சமைக்கப் போகிறார்கள்?

வெண்கலமணி:
சகோதரி சொல்வது வருத்தமாக இருக்கிறது. அந்தப் பாத்திரங்கள் மூன்று தலைமுறை புழங்கியவை. இப்போது நான்-ஸ்டிக் வாங்குகிறோம், இரண்டு வருடத்தில் பூச்சு உரிகிறது, தூக்கிப் போடுகிறோம், மறுபடி வாங்குகிறோம். அண்டா நூறு வருடம் இருக்கும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் குடிநீர் பித்தளைக் குடத்தில்தான். செம்பிலும் பித்தளையிலும் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் கிருமிகள் குறைகின்றன என்று ஆய்வே செய்து சொல்லியிருக்கிறார்கள். வெண்கலப் பானைப் பொங்கலின் ருசியைக் குக்கர் எந்தக் காலத்திலும் தராது. ஒரு முறை எடைக்குப் போனால் போனதுதான், திரும்ப வாங்க முடியாது.

காலிவீடு:
அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அந்தக் குடத்தை உங்கள் வீட்டில் யார் தேய்க்கிறார்கள்?

சும்மா_பார்ப்பவன்:
😂 முடிந்தது கதை.

வெண்கலமணி:
வீட்டு அம்மாதான் தேய்க்கிறார், மறைக்க ஒன்றுமில்லை. அவருக்கு அதில் சலிப்பு இல்லை.

காலிவீடு:
கேட்டீர்களா, நீங்களே சொல்கிறீர்களா? எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் உப்பும் போட்டு ஆறு குடம், ஐந்து விளக்கு தேய்ப்பார். அப்புறம் பீதாம்பரிப் பொடி வந்தது, வேலை கொஞ்சம் குறைந்தது. ஆனால் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு போகவே போகாது. யாராவது கேட்டால் அவரும் "சலிப்பு இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் கேட்டவர் அப்பா. மழைக் காற்று பட்டால் பித்தளை மூன்றே நாளில் மங்கும். கிருமி குறைய ஒரு குடம் போதாதா, ஐந்து எதற்கு? பாரம்பரியத்தைப் பேசுகிறவர்கள் வாரம் ஒரு நாள் புளி எடுத்துக்கொண்டு உட்காரட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று பெரியவர்களே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெண்கலமணி:
அது நன்னூல் சூத்திரம் அம்மா. "வழுவல கால வகையினானே" என்று முடியும். பவணந்தி முனிவர் இலக்கணத்தில் சொன்னது. அவர் கழிக்கச் சொன்னது பழைய சொல்லை, பழைய சொம்பை அல்ல.

சும்மா_பார்ப்பவன்:
வெண்கலக் கடையில் யானை புகுந்தது போல இருக்கிறது இந்த இழை. தொடருங்கள்.

துணிப்பை:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள், கேட்டவர் பாவம். பரண்வாசி, மொத்தமாகப் போடுவதும் தப்பு, மொத்தமாக வைத்திருப்பதும் தப்பு, ஏனென்றால் உங்களிடம் இருப்பது ஒரே வகைப் பொருள் இல்லை. எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம், பாத்திரக் கடைத் தெருவிலேயே வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும். வெண்கலத்துக்கு விலை அதிகம், ஆனால் எடைக்கு எடுப்பவர் இரண்டையும் ஒன்றாகத் தராசில் போட்டு எல்லாம் பித்தளை என்றுதான் கணக்குச் சொல்வார். எங்கள் சித்தி அப்படித்தான் ஒரு பானையை ஏமாந்தார். தனியாகத் தூக்கிப் பிடித்து விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தால் வெண்கலம். சத்தம் சட்டென்று அடங்கினால் பித்தளை, அல்லது எங்கோ விரிசல். வெண்கலப் பானையை வைத்துக்கொள்ளுங்கள், ஈயம் பூச வேண்டாம், நேராகப் பொங்கல் வைக்கலாம். கீழே மட்டும் போடாதீர்கள், பித்தளை நசுங்கும், வெண்கலம் உடையும்.

பித்தளையில் சமைப்பதென்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் புளியும் எலுமிச்சையும் தயிரும் செம்போடு சேர்ந்து களிம்பு பிடிக்கும், வயிற்றைப் பிரட்டும். முன்பெல்லாம் தெருவிலேயே துருத்தி வைத்துக் கரி மூட்டி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயக் கம்பியை இழுத்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், வெள்ளி மாதிரி மின்னும். இப்போது ஆள் தேடித்தான் போக வேண்டும். தினம் புழங்கினால் பூச்சு தேயும், மறுபடி பூச வேண்டும். அதனால் ஈயம் போன தவலையைப் பரணில் வைத்துக்கொண்டு "பாரம்பரியம்" என்பதில் அர்த்தம் இல்லை. வெண்கலமணி அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பரண்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, தட்டிப் பார்த்தேன், பானை நன்றாக ஒலிக்கிறது. ஈயச் சொம்பைப் பற்றிச் சொல்லுங்கள். ஈயம் உடம்புக்கு விஷம் இல்லையா? வீட்டுக்காரர் அதில் ரசம் வைத்தே ஆக வேண்டும் என்கிறார்.

துணிப்பை:
தமிழில் ஈயம் என்றால் இரண்டு உண்டு, அதனால் வரும் குழப்பம். காரீயம் விஷம். ரசச் சொம்பு செய்வது வெள்ளீயத்தில், அது வேறு உலோகம். ஆனால் இப்போது விற்பதில் காரீயம் கலந்திருக்கலாம் என்ற பயம் நியாயமானதுதான், நம்பிக்கையான கடையில் காட்டிக் கேட்டுவிட்டு அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது, பர்னரில் வெள்ளிக் குழம்புதான் இருக்கும். முதலில் புளித்தண்ணீரை ஊற்றி, அப்புறம் அடுப்பைப் பற்றவைத்து, நுரை கட்டியதும் இறக்க வேண்டும். தாளிப்பு தனிக் கரண்டியில்தான்.

காலிவீடு:
இவ்வளவு பக்குவம் பார்த்து ஒரு டம்ளர் ரசமா? எனக்கு எவர்சில்வரே போதும் தாயே.

வெண்கலமணி:
துணிப்பை அவர்களுக்கு நன்றி. பானையாவது தப்பித்தது. கல்சட்டியை மறந்துவிட்டீர்களே!

துணிப்பை:
கல்சட்டியில் மட்டும் நான் அண்ணன் கட்சி. மாக்கல் சட்டி, சேலம் பக்கம் கடைவது. புதிதென்றால் பழக்க வேண்டும், விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஒரு நாள், அப்புறம் ஒரு வாரம் தினமும் சூடாக வடித்த கஞ்சியை ஊற்றி ஊற வைக்க வேண்டும். அவசரப்பட்டு நேராகப் பெரிய தணலில் வைத்தால் "டப்" என்று இரண்டாகும். உங்களுடையது பழகிய சட்டி, அந்தக் கஷ்டம் யாரோ ஏற்கெனவே பட்டுவிட்டார்கள்! ஆனாலும் சும்மா கிடந்தது என்பதால் இரண்டு நாள் கஞ்சி ஊற்றிவிட்டு ஆரம்பியுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், மணத்தக்காளி வற்றல் பொரித்து, குழம்புப் பொடி போட்டு, கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் பிரிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடலாம், சட்டியின் சூட்டிலேயே பத்து நிமிடம் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வத்தக்குழம்பு மூன்று நாள் நிற்கும், இரண்டாம் நாள்தான் ருசி. கேஸ் மிச்சம், காலிவீடு அவர்களுக்கும் பிடிக்கும்.

சும்மா_பார்ப்பவன்:
எல்லாம் சரி, டிரங்குப் பெட்டித் துணியைப் போகியில் போட்டுக் கொளுத்த வேண்டியதுதானே?

காலிவீடு:
அதை மட்டும் செய்யாதீர்கள். 2018 போகி அன்று காலையில் சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாமல் எத்தனை விமானங்கள் நின்றன என்று நினைவில்லையா? பாதிப் புடவை பாலியஸ்டர், கொளுத்தினால் தெருவே இருமும். ஒழிப்பது என்று நான் சொன்னது கொடுப்பதை, விற்பதை.

துணிப்பை:
விற்கும் முன் பட்டுப்புடவையைப் பாருங்கள். சரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் சரிகை, வெள்ளி இருக்கிறது. வாசலில் வந்து "பழைய பட்டுப்புடவை" என்று கூவுகிறவர் அதை எரித்து வெள்ளி எடுக்கத்தான் கேட்கிறார். அவர் முதலில் சொல்லும் விலைக்குக் கொடுக்காதீர்கள்.

நூல் புடவையை மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று கீற்றாகச் சடை பின்னி, வட்டமாகச் சுருட்டிக் கோணி ஊசியால் தைத்தால் அருமையான மிதியடி. வேட்டியைத் தொடவே தொடாதீர்கள். மாசியில் வடாம் போட பழைய வேட்டி மாதிரி ஒன்று கிடையாது. கூழ் கிளறி வேட்டியில் பிழிந்து மாடியில் காயவைத்து, மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு முதுகில் தண்ணீர் தெளித்தால் வடாம் முழுசாக உரிந்து வரும். பிளாஸ்டிக் தாளில் கொதிக்கக் கொதிக்கக் கூழை ஊற்றுவதை விட இது எவ்வளவோ மேல்.

காலிவீடு:
மிதியடி சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கைவேலை விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. ஒரு லாக்டவுன் முழுக்க பாட்டிலுக்குச் சாயம் அடித்தேன், தேங்காய்ச் சிரட்டையில் பூந்தொட்டி செய்தேன், வயர் கூடை நாலு பின்னினேன். கூடை இன்றும் மார்க்கெட்டுக்கு வருகிறது, மற்றதெல்லாம் ஷோகேஸில் தூசு படிந்து கடைசியில் குப்பைக்குத்தான் போனது. குப்பைக்குச் சாயம் அடித்தால் சாயம் அடித்த குப்பை. எத்தனை மிதியடி வேண்டும் ஒரு வீட்டுக்கு? வாசலுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று. பெட்டியில் முப்பது புடவை இருக்கிறது!

துணிப்பை:
அடுத்த வீட்டுக்குக் கொடுப்பேன்.

காலிவீடு:
அவர்கள் பரணுக்கா?

வெண்கலமணி:
நான் ஒன்று கேட்கலாமா? இவ்வளவு பேசினோம், அந்தப் பாத்திரங்கள் அத்தையுடையவை. அவரிடம் யாராவது கேட்டார்களா? மருமகளும் மகனும் சண்டை போடுகிறார்கள், நாம் நடுவே தீர்ப்புச் சொல்கிறோம்.

காலிவீடு:
இதற்கு மட்டும் அண்ணாவுக்கு ஒரு லைக்.

பரண்வாசி:
தை பிறந்துவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெண்கலமணி அண்ணா சொன்ன அன்று இரவே அத்தையைக் கேட்டேன். நான் பயந்துகொண்டே கேட்க, அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "அண்டாவைப் போட்டுத் தொலை, நாற்பது வருஷம் அதைத் தேய்ச்சே என் தோள்பட்டை போச்சு, உங்க மாமா இருந்தவரைக்கும் சொல்ல முடியல" என்றார். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் ஒரே ஒரு அண்டா இருக்கட்டும் என்று கெஞ்சினார். "நீ தேய்ப்பியா?" என்று அத்தை கேட்டார், அத்தோடு சரி.

மூன்று அண்டா, தவலை, நாலு குடம் போயின, தனித்தனியாகத் தட்டிப் பார்த்து நான் நின்று எடை போட்டேன். பேர் வெட்டிய எவர்சில்வரில் பத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கேட்டு, வேண்டும் என்றபின் கொடுத்தோம். பொங்கல் அன்று வெண்கலப் பானையில் வைத்தேன், கொஞ்சம் அடி பிடித்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. கல்சட்டி கஞ்சியில் ஊறுகிறது. சொம்பைக் கடையில் காட்டும் வரை ரசம் எவர்சில்வரில்தான்.

இப்போது புதுப் பிரச்சினை. பரணைத் துடைக்க ஏறினால் மூலையில் 23 ஐஸ்கிரீம் டப்பா, மூடியோடு. திருவையாற்றிலிருந்து வந்தவை. இதை மட்டும் கழிக்கலாமா அத்தை என்றேன். "அதைத் தொட்டே, நான் ஊருக்குக் கிளம்பிடுவேன்" என்கிறார். ஊரில்தான் வீடே இல்லையே என்று சொல்ல வாய் வரவில்லை.

துணிப்பை:
வடாம் காய்ந்ததும் எடுத்து வைக்க டப்பா வேண்டாமா? அத்தை விவரமானவர்.

காலிவீடு:
23 டப்பா வடாமா! வேட்டி எத்தனை வைத்திருக்கிறீர்கள்?